நோயுற்ற கல்

வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்புகளுக்குக் குறைவில்லை. தாம்பூலத் தட்டில் இருக்கும் மூன்றில் ஒன்று எங்கள் மண்ணிலேயே விளைகிறது. வெற்றிலை சந்தையிலிருந்து வந்துவிடும். மூன்றாவதான சுண்ணாம்பை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீற்றி, குழைத்தால் சுண்ணாம்பு. பொங்கலுக்குச் சுவரில் அடிப்பதும் விரல்நுனியில் தொட்டு இலையில் தடவுவதும் அதே பொருள்தான். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது பொருளைத் தன் உடம்பாகக் கட்டிக்கொள்ளும் ஓர் உயிரைப் பற்றியது. அதற்கு நோய் வரும் என்பதையும், வந்த நோய்க்கு மருந்து உண்டு என்பதையும் மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றைப் பற்றியது.

கடலே இல்லாத ஊர்க்காரனுக்குப் பவளத்தோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். எங்கள் ஊர்ப்பக்கத்து வசிட்ட நதி, தண்ணீர் ஓடுகிற ஆண்டுகளில், ஆத்தூரைக் கடந்து வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இருப்பது அந்த முகத்துவாரத்தில்தான். ஆறு போகிற வழியில் எண்ணமும் போனால் தவறில்லை.

முதலில் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். தமிழில் பவளம் என்றால் சிவப்பு. உதட்டுக்கு உவமை, செவ்வாய்க் கிரகத்துக்குரிய மணி, தாலிச்சரட்டில் கோக்கும் உருண்டை. இந்தச் செம்பவளம் நம் கடலில் விளைவதன்று. மத்தியதரைக் கடலில் எடுத்து இங்கே கொண்டுவந்தது. உரோமானியர் இந்திய முத்தை மதிப்பது போல இந்தியர் பவளத்தை மதிக்கிறார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவைத்திருக்கிறார். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்து யூத வணிகர்கள் பவளத்தை அனுப்பி வைரத்தை வாங்கிக்கொண்டார்கள். சென்னையின் பவழக்காரத் தெரு அந்த வணிகத்தின் எச்சம்.

நம் கடலில் இருப்பது வேறு. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் அடித்தளத்தில் பரந்து கிடக்கும் கல்பவளம் அது. மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்றார்கள். முத்துக்குளித்துறை முழுவதற்கும் அதுவே வழக்கு. ஈழத்தமிழர் 'முருகைக்கல்' என்றார்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் அது கல்தான். சித்த மருத்துவத்தில் பவளம் வேறொரு வேடத்தில் வருகிறது. சுட்டுப் பற்பமாக்கி இருமலுக்கும் கபத்துக்கும் கொடுத்தார்கள். ஆக, நம்மிடம் பவளம் அணியாக இருந்தது, சுவராக இருந்தது, மருந்தாகவும் இருந்தது. நோயாளியாக மட்டும் இருந்ததில்லை. கல்லுக்கு யார் நாடி பார்ப்பார்கள்?

இதில் நம்மைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பாவிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பவளத்தைத் தாவரம் என்றே கொண்டிருந்தார்கள். மார்செய் நகரத்து மருத்துவர் பெய்சொனெல் 1720களில், பவளத்தின் 'மலர்கள்' என்று பிறர் கருதியவை உண்மையில் சிறு விலங்குகள் என்று கண்டார். பாரிஸ் அறிவியல் கழகத்துப் பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. ஏற்க மேலும் சில பத்தாண்டுகள் பிடித்தன. அதன் பிறகும் கதையில் ஒரு பாதி விடுபட்டிருந்தது. அந்தச் சிறு விலங்கின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் சமைக்கிறது, பவளம் அதை உண்கிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு எருவாகிறது. 1881இல் கார்ல் பிராண்ட் இப்பாசிகளுக்கு ஒரு பெயரிட்டார். 1950களில் ஜமைக்காவில் தாமஸ் கோரோ கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு ஆராய்ந்து, வெளிச்சத்தில் பவளம் கல் கட்டும் வேகம் இருட்டில் கட்டுவதைவிடப் பலமடங்கு என்று காட்டினார். நாம் பவளத்தின் நிறம் என்று காண்பதில் பெரும்பகுதி இந்தக் குடித்தனக்காரரின் நிறம்.

நோய் என்ற எண்ணம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1928-29இல் மாரிஸ் யோங் தலைமையில் பிரிட்டிஷ் குழுவொன்று ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டின் ஒரு சிறு தீவில் தங்கி ஆராய்ந்தது. சூடேறிய நீரில் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளிறிப்போவதை அவர்கள் கண்டு எழுதினார்கள். இன்று நாளிதழ்கள் 'வெளுத்தல்' என்று எழுதுவது இதைத்தான். அப்போது அது ஓர் ஆய்வுக்கூட வினோதமாக மட்டுமே தோன்றியது. 1982-83 எல் நினோவின்போது பனாமாவின் பசிபிக் கரையில் பவளங்கள் மொத்தமாக வெளுத்து மடிந்ததைப் பீட்டர் கிளின் பதிவுசெய்த பிறகுதான் உலகம் விழித்தது.

நிற்க. வெண்மையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் நோயறிதலின் முதற்பாடமே அதில்தான் இருக்கிறது. சேலத்துக்கு அருகிலுள்ள வெண்ணிறக் குன்றுகளைப் பார்த்த ஆங்கிலேயர் அவற்றைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று பொருள்படும்படிப் பெயரிட்டார்கள். அது சுண்ணாம்பல்ல, மக்னசைட். உலைச்சூளைக்குச் செங்கல் செய்ய உதவும் கனிமம். வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. பவளத்திலும் இரண்டு வெள்ளைகள் உண்டு. ஒன்றில் பாசி போய்விட்டது, சதை இருக்கிறது. கண்ணாடி போன்ற அச்சதையினூடே கீழிருக்கும் கல் வெண்மையாகத் தெரிகிறது. அந்தப் பவளம் பட்டினி கிடக்கிறது, சாகவில்லை. வெம்மை தணிந்தால் பாசி திரும்பும், சில வாரங்களில் நிறமும் திரும்பும். மற்றொன்றில் சதையே உரிந்துபோய் வெறும் எலும்பு நிற்கிறது. அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நாளில் அதன்மேல் பச்சைப்பாசி படியத் தொடங்கிவிடும். இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் பொறுமையும் போதும்.

இந்தப் பொறுமையை யார் முதலில் கற்றார்கள் என்று பார்த்தால் விடை சற்று வியப்பானது. பல்கலைக்கழகத்தாரோடு சேர்த்து, வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தவர்களையும் சொல்லவேண்டும். கடலில் ஒரு பவளம் செத்தால் சுற்றிலும் ஆயிரம் இருக்கும். தொட்டியில் இருப்பதோ ஒன்று. அது செத்தால் காசும் போய், மனமும் வெந்துபோகும்.

கடல் உயிர்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டுவது தமிழகத்துக்குப் புதிதல்ல. சென்னைக் கடற்கரையில் 1909இல் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு அடிகோலியவர் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். அதே 1909இல் வெளிவந்த தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளால்தான் இலக்கிய வாசகர்கள் அவரை அறிவார்கள். ஆனால் மனிதர்களை அளப்பதற்கு முன்பே, 1880களில், அவர் இராமேசுவரத்துக் கடலில் பவளங்களைச் சேகரித்து எழுதியவர். (அந்தத் தர்ஸ்டனே எனக்குப் பிடித்தவர், பவளங்கள் அவரிடம் மண்டை அளவு கொடுக்க நேரவில்லை.) காட்சியகம் இரண்டாம் உலகப்போரின்போது மூடப்பட்டது. அங்கே மீன்களைக் காத்தார்கள். கல்பவளத்தை ஆண்டுக்கணக்கில் தொட்டியில் உயிரோடு வைக்கும் வித்தை அந்நாளில் உலகில் எங்குமே கைகூடியிருக்கவில்லை.

அது கைகூடியது இந்தோனேசியாவில். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்ற மீன் ஆர்வலர், கடலிலிருந்து உயிர்கள் ஒட்டியிருந்த பாறைகளையே எடுத்துத் தொட்டியில் அடுக்கி, வெயில் படவிட்டு, காற்றுக்குமிழி மட்டும் கொடுத்து, பவளத்தை வாழவைத்தார். 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் தன் முறையை விளக்கி எழுதினார். பளிச்சென்று கழுவிய வெள்ளை எலும்புகளை அலங்காரமாக வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது நம்பமுடியாததாக இருந்தது. அவர் வெற்றியின் ஒரு பாதி அவருடைய ஊரின் வெற்றி: நல்ல கடல்நீரும் ஆண்டு முழுதும் வெயிலும் அருகிலேயே இருந்தன.

இவை இரண்டும் இல்லாத ஊரில் என்ன செய்வது? சுவிட்சர்லாந்தில் இருந்த பீட்டர் வில்கென்ஸ் 1970களில் விடை கண்டார். பவளம் நாளும் கல் கட்டுகிறது. அதற்கு வேண்டிய கால்சியத்தையும் கார்பனேட்டையும் நீரிலிருந்தே எடுக்கிறது. கடல் பெரிது, குறை தெரியாது. தொட்டி சிறிது, சில நாட்களில் நீர் வெறுமையாகிவிடும், பவளம் அடியிலிருந்து தேயத் தொடங்கும். வில்கென்ஸ் தந்த மருந்து சுண்ணாம்புத் தெளிநீர். ஆம், நம் வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிநீரேதான்! ஒரு லிட்டர் நீருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் சுண்ணாம்புதான் கரையும். அதை அப்படியே விட்டுத் தெளியவைத்து, அடி வண்டலை விடுத்து மேல்நீரை மட்டும் சொட்டுச்சொட்டாக இரவில் விடவேண்டும். ஏன் இரவு? வெளிச்சமில்லாதபோது பாசிகள் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதில்லை, நீர் அமிலத்தன்மையை நோக்கிச் சாய்கிறது. காரமிக்க தெளிநீர் அதைச் சமன் செய்கிறது. ஒரேயடியாக ஊற்றினால் மருந்தே நஞ்சு. தெளிநீரைத் திறந்து வைத்தால் மேலே ஏடு படியும். பள்ளியில் குழாய் வைத்து ஊதிப் பால்போல் ஆக்கினோமே, அதே வினை. ஏடு படிந்த நீரில் மருந்து குறைந்துவிட்டது என்று பொருள். இதையெல்லாம் சுண்ணாம்பு டப்பா வைத்திருந்த நம் பாட்டிமார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

ஆகவே வீட்டுத் தொட்டியில் ஒரு பவளம் வாடினால், அறிந்தவர்கள் முதலில் பார்ப்பது பவளத்தையன்று, நீரை. வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்கிறதா? கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா? பைகார்பனேட் இருப்பு (தொட்டி வைத்திருப்போர் கே.எச். என்பார்கள்) கடலில் உள்ளபடி 7க்கு அருகிலோ சற்று மேலோ நிலையாக நிற்கிறதா, நேற்று 7 இன்று 11 என்று ஆடுகிறதா? மக்னீசியம் 1300 அளவில் இருக்கிறதா? கடலில் மக்னீசியம் கால்சியத்தைப்போல் மூன்று மடங்கு. அது குறைந்தால் எவ்வளவு சுண்ணாம்பு விட்டாலும் நீரில் தங்காமல் படிந்துவிடும். பிறகு விளக்கு: புதிதாக மாற்றினார்களா, நேர் கீழே வைத்தார்களா? விளக்குக்கு நேர் எதிரான மேற்புறம் மட்டும் வெளிறியிருந்தால் குற்றம் வெளிச்சத்தின்மேல். அடியிலிருந்து மெல்ல மேலேறும் வெண்மை பெரும்பாலும் நீரின் குறை. சில மணி நேரத்தில் சதை தோல்போல் உரிந்து மிதந்தால் அது வேறு. காத்திருக்க நேரமில்லை, நலமாயிருக்கும் கிளையை முறித்து வேறு நீருக்கு மாற்றவேண்டும். சதைமேல் பழுப்புக் கூழ் படிந்திருந்தால் ஒற்றைச் செல் உயிர்கள் தின்றுகொண்டிருக்கின்றன. கூழை உறிஞ்சி எடுத்துவிட்டு, அயோடின் கலந்த நீரில் சில நிமிடம் முக்கி எடுப்பார்கள். இவற்றில் பலவும் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவையல்ல. தொட்டிக்கு முன்னால் விழித்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டவை.

கடலிலும் இதே கைவைத்தியத்தை முயன்றிருக்கிறார்கள். கரும்பட்டை நோய் என்று ஒன்று உண்டு. கருநிறப் பட்டையொன்று பவளத்தின்மேல் நாளுக்குச் சில மில்லிமீட்டர் நகரும், அது கடந்த இடமெல்லாம் எலும்பு. 1970களில் அர்ன்ஃபிரீட் அன்டோனியஸ் இதை விவரித்தார். ஃபுளோரிடாவில் ஹாரல்ட் ஹட்சன் என்பவர் கடலுக்கடியில் சென்று அந்தப் பட்டையை உறிஞ்சியெடுத்துவிட்டு, காயத்தைச் சிறுவர் விளையாடும் களிமண் பிசினால் மூடினார். 2014இல் மயாமி அருகே தொடங்கிய சதையழிவு நோய்க்கு, அமாக்சிசிலினைப் பசையில் குழைத்துப் புண்ணின் விளிம்பில் பூசுகிறார்கள். நாம் காய்ச்சலுக்கு வாங்கும் அதே அமாக்சிசிலின்.

இப்போது மண்டபத்துக்கு வருவோம். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஒருகாலத்தில் அங்குதான் இருந்தது. 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் பவளங்களைப் பற்றிய ஒரு கருத்தரங்கு நடந்தது. இன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை பெருநகரங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடும் உலகப் பவளத்திட்டு மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது அதுதான். உலகப் பவள ஆராய்ச்சியாளர்கள் முதன்முதலாகக் கூடிய இடம் தமிழகத்தின் ஒரு மீன்பிடி முனை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்! இந்தியப் பவளங்களை இனம்பிரித்து அறிந்த சி. எஸ். கோபிநாத பிள்ளை அந்த நிலையத்தவர்.

அதே கருத்தரங்கில் மகாதேவனும் நாகப்பன் நாயரும் அளித்த கட்டுரை, மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பவளம் எப்படி வெட்டியெடுக்கப்படுகிறது என்பதைச் சொன்னது. அரங்குக்கு வெளியே அது அன்றாடத் தொழில். தோணிகளில் சென்று கடப்பாரையால் பெயர்த்து, கரையில் குவித்து, காளவாயில் இட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பாயிற்று, கார்பைடு தொழிலுக்கு மூலப்பொருளாயிற்று, கட்டுமானக் கல்லாயிற்று. 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் இடிந்த சுவரை உற்றுப் பார்த்தவர்கள், அதில் தேன்கூடு போன்ற கண்களைப் பார்த்திருப்பார்கள். கூலிக்குக் கல்லெடுத்தவர்களைப் பழிப்பது எளிது. அவர்கள் வெட்டியது அவர்கள் மொழியிலும் நம் மொழியிலும் கல். ஜகார்த்தாவில் ஒருவர் பவளத்தை வாழவைத்துவிட்டேன் என்று எழுதி எட்டாண்டுகள் ஆகியிருந்தன. ஐரோப்பாவில் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளத்துக்கு ஊட்டத் தொடங்கிய பத்தாண்டில், தூத்துக்குடியில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்துகொண்டிருந்தோம். வேதியியல் ஒன்றுதான், திசைதான் வேறு.

விளைவுகள் மெல்ல வந்தன. வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போயின. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு தேய்ந்து ஒரு சிறு மணல்திட்டாயிற்று. 1986இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 2001 ஜூலையில் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. ஆனாலும் கல்லெடுப்பு ஓய்ந்தது 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகுதான். தீவுகளும் பார்களும் அலையைத் தடுத்ததைக் கரையிலிருந்தோர் தம் கண்ணாலேயே கண்டார்கள். சட்டம் மூன்றாண்டுகளில் செய்யாததை ஓர் அலை செய்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத்தை நட்டு வளர்க்கிறது. பேட்டர்சன் எட்வர்டும் உடன் பணிபுரிந்தோரும் தீவு தீவாக மூழ்கி எண்ணியதில் 117 கல்பவள இனங்கள் தேறின. ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் பவளப்பரப்பில் 32 ஏற்கெனவே சீரழிந்திருந்தது. கல்லெடுப்பு நின்றதும் பவளம் தேறத் தொடங்கியது. அப்போது வேறு நோய்கள் வந்தன. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற அயல் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து மூடியதை 2008இல் பதிவு செய்தார்கள். அதற்கு மருந்து, தொட்டிக்காரர்கள் செய்வதேதான்: கையால் பிடுங்குவது, மறுபடி பிடுங்குவது. 1998இலும் 2010இலும் கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டிச் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. 2016 எல்லாவற்றையும் மிஞ்சியது: உயிர்ப்பவளம் மூடியிருந்த பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 ஆகச் சரிந்தது. 2024இல் உலகின் நான்காவது பெரும் வெளுத்தல் அறிவிக்கப்பட்டபோது நம் கடலும் தப்பவில்லை. தொட்டியில் சூடேறினால் குளிரூட்டியைப் போடலாம். வளைகுடாவுக்கு அப்படியொன்று கிடையாது.

சேலத்து வெயிலில் ஒருவர் பவளத்தொட்டி வைக்க ஆசைப்பட்டால் என்ன ஆகும்? கோடையில் ஒருநாள் மின்சாரம் போனாலே தொட்டி, 2016இன் மன்னார் வளைகுடா ஆகிவிடும். கிணற்று நீரை அப்படியே ஊற்ற முடியாது. உப்பெல்லாம் நீக்கிய நீரில் கடலுப்பைக் கரைக்கவேண்டும். இதற்கெல்லாம் மேலாக, நம் கடலின் கல்பவளத்தை எடுத்து வீட்டில் வைப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டுக் கல்பவளத்துக்கும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி அனுமதித் தாள்கள் வேண்டும். ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது, தூத்துக்குடிக்கோ மண்டபத்துக்கோ ஒருமுறை போய்வாருங்கள் என்பதே.

அங்கே நடும் முறை எளிமையானது. நலமான பவளத்திலிருந்து சிறு கிளையை எடுத்து, சிமெண்ட் பலகையில் கட்டி, கடலடியில் கான்கிரீட் சட்டத்தின்மேல் வைக்கிறார்கள். கிளை முதலில் தன் அடிப்பகுதியைப் பரப்பிப் பலகையைப் பற்றிக்கொள்கிறது, பிறகுதான் மேல்நோக்கி வளர்கிறது. வான் தீவின் முன்னால் 2015க்குப் பின் இறக்கிய செயற்கைப் பார்களும் கான்கிரீட்தான். சிமெண்ட் என்பது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்வது. எங்கள் மாவட்டத்துச் சங்ககிரியில் அதற்கான கல்லை வெட்டுகிறார்கள். உலகில் பவளம் தோன்றுவதற்கும் முந்திய கல் அது.